தேதி போடாத நூற்று அறுபத்து மூன்று வரிகள்

என் கணவர் எழுதுவதை நிறுத்திவிட்டார் என்று பதினோரு மாதம் நினைத்திருந்தேன். அவர் இறந்த பிறகு இன்னும் ஒன்பது மாதம் அப்படியே நினைத்திருந்தேன். நான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் நிறுத்தினார் என்றும் நம்பியிருந்தேன்.

அவர் மாநகரப் பேருந்து ஓட்டுநர். சிவாஜிநகரில் புறப்பட்டு அல்சூர், தொம்மலூர் வழியாகப் போகும் வண்டி. பெரும்பாலும் காலை ஷிப்ட். விடிவதற்கு முன் கிளம்பினால் மூன்று மணிக்கெல்லாம் காக்ஸ் டவுனில் எங்கள் மாடி வீட்டுக்குத் திரும்பிவிடுவார். எனக்குத் தொம்மலூரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வீடு திரும்ப ஏழரை, எட்டு ஆகும். அவர் வண்டி என் அலுவலக வாசலைத் தாண்டித்தான் போகும். ஆனாலும் அவர் ஓட்டி நான் உட்கார்ந்து போன நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

குறிப்பெழுதும் பழக்கம் எனக்கு இருபத்திரண்டு ஆண்டாக உண்டு. மழை எப்போது தொடங்கி எப்போது விட்டது, மின்சாரம் எத்தனை மணிக்குப் போனது, யார் வந்தார்கள், தெருமுனையில் எந்த மரம் பூத்தது என்பதையெல்லாம் தேதியோடு எழுதிவைப்பேன். பழைய கெஜட்டியர்கள், பயணக் குறிப்புகள், கல்வெட்டுத் தொகுதிகள் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்ததில் தொற்றிக்கொண்ட பழக்கம். எவரோ ஒரு குமாஸ்தா அலுப்பில்லாமல் எழுதிவைத்ததால்தானே என்றோ பெய்த மழை இன்று நமக்குத் தெரிகிறது என்று அவரிடம் ஒருமுறை சொன்னேன்.

"மழை பேஞ்சது வானத்துக்கே தெரியும். நீ எதுக்கு நடுவுல சாட்சி?" என்றார்.

கேலி செய்துகொண்டே அவரும் ஒரு நாள், "எனக்கும் ஒரு நோட்டு குடேன்" என்று கேட்டார். அவர் கையெழுத்து அவருக்கே புரியாது. அதனால் என் பழைய லேப்டாப்பில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தேன். ஸ்கிரிப்ட் என்பது கணினிக்கு வரிசையாகச் சொல்லவேண்டிய கட்டளைகளைக் கோப்பில் எழுதிவைப்பதுதான். அவர் 'எழுது' என்று தட்டினால் திரையில் 'இன்று?' என்று கேட்கும். ஒரு வரி தட்டி என்டர் அழுத்தினால் 'சேர்த்தாச்சு' என்று சொல்லும். அன்றைய தேதியையே பெயராகக் கொண்ட கோப்பில் அந்த வரி போய் உட்காரும். ஷிப்ட் முடிந்து வந்து, சாப்பிட்டு, நான் திரும்புவதற்குள் எழுதி முடித்துவிடுவார். நான் மாதக் கடைசியில் மொத்தமாகப் படிப்பேன்.

வம்பு வந்தது தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. அவரோடு ஏழு வருஷம் ஒரே வண்டியில் ஓடிய கண்டக்டர் ஈஜிபுராவிலிருந்து அதிரச டப்பாவோடு வந்திருந்தார். என் கணவரைவிடச் சின்னவர். எனக்குத் தம்பி, அவருக்கு நான் அண்ணி. டீ குடித்துக்கொண்டே நான் அந்த மாதப் பக்கங்களைப் படித்தேன்.

"'புதன்கிழமை, பயங்கர ட்ராஃபிக்'னு போட்டிருக்கீங்க. அன்னிக்கு செவ்வாய்."

"ட்ராஃபிக்குக்கு கிழமை தெரியுமா? புதன்னா வழி விட்டுடுவானா?"

கண்டக்டர் டீயோடு சிரித்துவிட்டார். "அண்ணே, மாட்டிக்கினீங்க. டிப்போ டைம் கீப்பரே தேவலை போல."

"சிரிக்காதீங்க தம்பி. போன வாரமும் ரெண்டு நாள் தப்பு. கோப்போட பேர்ல ஒரு நாள், உள்ள எழுதினது வேற நாள். பின்னாடி படிக்கறவங்க எதை நம்புவாங்க?"

"யாரு படிக்கப்போறாங்க? நீதானே?" என்றார் அவர்.

நான் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. "தேதியை நீங்க தொடவே தொடாதீங்க. அது தானா விழும். உங்களுக்கு வராத வேலை அது."

'சரி மேடம்' என்றார். மேடம் என்று கூப்பிடுவது அவருடைய பழைய விளையாட்டு. அன்று அதில் விளையாட்டு இல்லை. கண்டக்டர் அதிரசத்தைப் பற்றி ஏதோ பேசத் தொடங்கினார்.

மனம் கேட்காமல் அன்று மாலையே ஸ்கிரிப்டைத் திறந்தேன். பக்கத்தின் மேலே 'நாட்குறிப்பு' என்று வருவது அவருக்குப் பிடிக்கவில்லை, 'டிரைவர் சீட்டிலிருந்து' என்று வரவேண்டும் என்று முன்பே கேட்டிருந்தார். இனி அவரே தலைப்பை மாற்றிக்கொள்ளட்டும் என்று, தலைப்பையும் கோப்பின் பெயரையும் ஸ்கிரிப்டிலிருந்து பிரித்து, அமைப்புக் கோப்பு ஒன்றில் இரண்டே வரியாக எழுதிவைத்தேன். ஸ்கிரிப்ட் அந்த இரண்டு வரியைப் படித்துக்கொள்ளும். மன்னிப்பு கேட்க எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

கோப்பின் பெயருக்கான வரியில் $INDRU.txt என்று இருந்தது. ஒரு பெயருக்கு முன் டாலர் குறி போட்டால், 'பெயரை எடுக்காதே, அந்தப் பெயர் ஒட்டிய டப்பாவைத் திறந்து உள்ளே இருப்பதை எடு' என்று கட்டளையை நிறைவேற்றும் ஷெல்லுக்குப் பொருள். INDRU என்ற டப்பாவில் அன்றன்றைய தேதி இருக்கும். ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதியிருந்தவரை ஷெல் ஒழுங்காகத் திறந்து தேதியை எடுத்தது. ஆனால் வேறொரு கோப்பிலிருந்து படித்து வாங்கும் வரியை அது திறந்து பார்ப்பதில்லை. அதற்கு அது வெறும் எழுத்து. டாலர் குறியும் ஒரு எழுத்து. திறந்து பார் என்று தனியாகச் சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை. எதுவும் எழுதாமல் வெறும் என்டர் அழுத்தி ஒரு முறை ஓட்டிப் பார்த்தேன், 'சேர்த்தாச்சு' என்று வந்தது, மூடிவிட்டேன். எங்கே சேர்த்தது என்று பார்க்கவில்லை. அலுவலகத்தில் வேறு யாராவது இதைச் செய்திருந்தால் உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருப்பேன்.

அந்த மாதக் கடைசியில் பக்கங்களைப் பார்த்தபோது, அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அடுத்த மாதமும் இல்லை. நான் எப்போதும் எண்ணில் தொடங்கும் பெயர்களை மட்டும் காட்டு என்றுதான் கேட்பேன். தேதி இல்லாத கோப்பு ஒன்று அங்கே இருக்கக்கூடும் என்று தோன்றவே இல்லை.

ஒரே ஒரு தடவை கேட்டேன். "எழுதறீங்களா?"

"ம்."

மழுப்புகிறார் என்று எடுத்துக்கொண்டேன். என் வார்த்தை தைத்திருக்கிறது, அதைச் சொல்லிக்காட்ட அவருக்கு மனமில்லை என்று நானே முடிவுகட்டினேன். அதற்குமேல் கேட்க எனக்குக் கூச்சம். அவர் ஒரு முழுப் பதிலைத்தான் சொல்லியிருந்தார் என்பது இப்போது தெரிகிறது.

அடுத்த ஆயுத பூஜை முடிந்து பதினோராம் நாள், காலை ஷிப்ட் முடித்து வந்து படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இங்கே இவ்வளவு போதும். அன்றைய பக்கம் என் நோட்டில் இருக்கிறது, நேரங்களோடு.

ஒன்பது மாதம் கழித்து, ஆடி பிறந்த வாரத்தில், அந்தப் பழைய லேப்டாப்பின் திரை கீலோடு பெயர்ந்துவிட்டது. எறிவதற்கு முன் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். முதல் முறையாக அவர் பக்கங்கள் இருக்கும் ஃபோல்டரில் இருந்த எல்லாக் கோப்புகளையும் காட்டச் சொன்னேன். தேதிகளுக்கு நடுவே குப்பை மாதிரி ஒரு பெயர் இருந்தது: $INDRU.txt. ஏதோ சோதனைக்காக நானே போட்டது என்று நினைத்து, அழிக்கும் கட்டளையைத் தட்டினேன். rm, இடைவெளி, $INDRU.txt, என்டர்.

அழியவில்லை. '.txt என்று ஒரு கோப்பு இல்லை' என்று பதில் வந்தது. இந்த முறை நேரடியாகத் தட்டியதால் ஷெல் கடமை தவறாமல் டப்பாவைத் திறந்திருக்கிறது. ஸ்கிரிப்ட் ஓடாத நேரத்தில் டப்பா காலி. பெயரில் மிஞ்சியது வால் மட்டும்.

காரணம் அந்த நொடியிலேயே புரிந்தது. இருபத்தைந்து வருஷமாகச் செய்யும் வேலை, புரியாமல் எப்படி இருக்கும்? திறந்து படிக்கப் பெயரை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தட்டவேண்டும். மூன்று முறை தப்பாகத் தட்டினேன்.

உள்ளே, பழைய 'நாட்குறிப்பு' தலைப்புக்குக் கீழே, நூற்று அறுபத்து மூன்று வரிகள் இருந்தன. ஒன்றன்கீழ் ஒன்று. எதிலும் தேதி இல்லை, கிழமை இல்லை. நான் தொடாதே என்று சொன்னதை அவர் கடைசிவரை தொடவில்லை.

முதல் வரி இது: 'தேதி போடாதன்னு சொல்லிட்டா. சரி, அவளே போட்டுக்கட்டும்.'

அன்று மாலை வேறெதுவும் செய்யவில்லை. அந்த வரியை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் கோயில் மணி அடித்தது, மாதாகோயிலிலும் அடித்தது. இரண்டுக்கும் நேரம் குறிக்கவில்லை.

மறுநாள் வேலையைத் தொடங்கினேன். அவளே போட்டுக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார், போடவேண்டும். தொம்மலூர் ஊருக்குள் ஒரு பழைய கோயில் இருக்கிறது, சுவரில் தமிழ்க் கல்வெட்டுகளோடு. மதிய இடைவேளையில் சில நாள் போய்ப் பார்ப்பேன். ஆண்டு சொல்லும் இடம் சிதைந்துபோன கல்வெட்டுக்கு, எழுத்தின் வடிவத்தையும் உள்ளே வரும் ஆட்களையும் வைத்துக் காலம் கணிப்பார்கள் என்று படித்திருக்கிறேன். என் கணவரின் வரிகளுக்கும் அதே வழிதான். ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்தவை என்பதால் வரிசை உறுதி. எது எந்த நாள் என்பதை என் நோட்டுகளோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கவேண்டும்.

என் நோட்டில் 'மின்சாரம் இல்லை, இரவு 8.40 முதல் 10.05 வரை' என்று ஒரு பதிவு. அவருடைய முப்பத்தொன்றாம் வரி: 'நேத்து கரண்ட் போச்சு. வாயில டார்ச்சைக் கடிச்சிக்கினு மணி எழுதறா. திருடி மாதிரி இருந்தா.' ஆக, அது மறுநாள். ஒரு தேதி கிடைத்தது.

இப்படிப் பாதிக்குமேல் நானே போட்டுவிட்டேன். மற்றவை வண்டியில் நடந்தவை. கண்டக்டரைக் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். நான் படிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"'பூசணிக்கு சீட்டு கிடைச்சிருச்சு, கொண்டுவந்த அம்மாவுக்குக் கிடைக்கல.' இது எப்ப தம்பி?"

"ஐயோ, அந்தம்மா! அல்சூர்ல ஏறினாங்க. மடியில வெச்சுக்கம்மான்னா, 'மூணு பூசணிப்பா, எத்தினி மடி இருக்குது எனக்கு'ன்னு கேட்டாங்க. வண்டியே சிரிச்சுது."

"தேதி?"

"தேதி எனக்கு எங்க தெரியும்? ஆயுத பூஜைக்கு முந்தின நாளு. வேற எப்போ மூணு பூசணி தூக்குவாங்க?"

நான் எழுதிக்கொண்டேன். "'காவிப் புடவை கட்டினவங்க ஏறுனா பாட்டு நிக்கவே நிக்காது. இன்னிக்கு நானும் ரெண்டு அடி பாடினேன்.'"

"மாதாவுக்கு வேண்டிக்கினு கட்டுவாங்களே, திருவிழாக் கொடி ஏத்தின நாளு. நான்தான் பாடினேன், அண்ணன் பொய் சொல்றாரு."

"அவர் பாடலையா?"

"அண்ணன் பாடினா ஜனங்க இறங்கிடுவாங்க அண்ணி."

இருவரும் சிரித்தோம். டயர் வெடித்த நாள், பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று டிபன் பாக்ஸை விட்டுப்போன நாள், ஃப்ளைஓவர் மேல் மணிக்கணக்கில் நின்ற நாள் என்று ஒவ்வொன்றுக்கும் அவர் ஆட்களைச் சொன்னார், நான் நோட்டைப் புரட்டி நாளைச் சொன்னேன். 'அவர் தாமதம், டயர்' என்று என் நோட்டில் இருந்த மூன்று வார்த்தைக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருந்தது எனக்குத் தெரியாது.

போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு நீங்க அப்படிச் சொன்னதுல அண்ணனுக்குக் கோபம்னு நெனச்சீங்களா?"

"ஆமா."

"மறுநாள் வண்டியில அவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'இனிமே ஒரு கவலை விட்டுச்சுடா, தேதி டிபார்ட்மென்ட் அவளோடது'ன்னாரு. கோபக்காரன் பேசற பேச்சா அது?"

முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நானும் இருபது மாதத்தில் கண்டக்டரை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நூற்று அறுபத்திரண்டு வரிகளுக்குத் தேதி போட்டாயிற்று. சிலவற்றின் பக்கத்தில் 'ஏறக்குறைய' என்று எழுதியிருக்கிறேன். மிஞ்சியது தொண்ணூற்றேழாவது வரி.

'இன்னிக்கு அவ சீக்கிரம் வந்துட்டா.'

அவ்வளவுதான். முந்தைய வரி ஆலங்கட்டி மழை பெய்த நாள், பிந்தைய வரி மாம்பழம் வாங்கிய நாள், இரண்டும் என் நோட்டில் உண்டு. நடுவில் பத்தொன்பது நாள். விடுமுறைகளைக் கழித்தால் பதிமூன்று. அந்தப் பதிமூன்றில் ஒன்று. நோட்டைப் பத்து முறை படித்தேன். மழை இருக்கிறது, மின்சாரம் இருக்கிறது, எதிர்வீட்டு நாய் குட்டி போட்டது இருக்கிறது. நான் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தேன் என்பது மட்டும் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அதை எழுதியதில்லை. எழுதத் தகுந்த செய்தி என்று நினைக்கவில்லை.

அலுவலகத்தில் நிர்வாகத்தைப் பார்ப்பவரிடம் போனேன். கதவில் அட்டையைக் காட்டினால் நேரம் பதிவாகும், அந்தப் பழைய பதிவு கிடைக்குமா என்று கேட்டேன்.

"மூணு மாசத்துக்கு மேல வெக்கமாட்டோம் மேடம். எதுக்கு, லீவுல ஏதாவது தகராறா?"

"இல்ல. ஒரு நாள் சீக்கிரமா கிளம்பியிருக்கேன். அது எந்த நாள்னு தெரியணும்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எல்லாரும் அதை மறைக்கச் சொல்லித்தான் வருவாங்க மேடம். கண்டுபிடிச்சுக் குடுங்கன்னு வந்த மொத ஆள் நீங்கதான்."

அந்த நாளில் என்ன செய்தோம்? டீ போட்டது நானா, அவரா? கடைத்தெருவுக்கு நடந்துபோனோமா? அவர் சமையலறையில் ரேடியோ வைத்திருந்தாரா? எதுவும் நினைவில் வரவில்லை. எனக்கு அது ஒரு சாதாரண நாளாக இருந்திருக்கிறது. அவருக்கு வேறெதுவும் எழுதத் தேவையில்லாத நாளாக இருந்திருக்கிறது. அந்த ஒரு மாலை திரும்பக் கிடைக்கும் என்றால் என் நோட்டுகள் அனைத்தையும் கொடுத்துவிடுவேன். வாங்குவார் யாரும் இல்லை.

போன வாரம் ஸ்கிரிப்டைச் சரிசெய்தேன். eval என்று ஒரு வழி உண்டு, ஆனால் அது கோப்பில் இருப்பதையெல்லாம் கட்டளையாக எடுத்து ஓட்டிவிடும். யார் என்ன எழுதியிருப்பார்கள் என்று தெரியாத இடத்தில் அதை நம்பக்கூடாது. டாலர் குறியிட்ட பெயர்களை மட்டும் மாற்றித்தரும் சின்னக் கருவி ஒன்று இருக்கிறது, அதைப் போட்டேன். அதற்காக அமைப்புக் கோப்பைத் திறந்தபோதுதான் கவனித்தேன், தலைப்பை அவர் மாற்றியிருந்தார். 'டிரைவர் சீட்டிலிருந்து' இல்லை. 'தேதிக்கு மேடத்தை அணுகவும்' என்று இருந்தது. புதுக் கோப்பு தொடங்கும்போதுதான் தலைப்பு விழும். நான் ஓட்டிப் பார்த்த அன்றைக்குப் பிறகு புதுக் கோப்பு தொடங்கவே இல்லை, அதனால் அது எங்கும் வரவில்லை. எழுதிவிட்டு நான் படிக்கப்போகும் மாதக் கடைசிக்காகக் காத்திருந்திருப்பார்.

இப்போது அவருடைய வரிகள் தேதியோடு ஒரே கோப்பில் இருக்கின்றன, அந்தத் தலைப்போடு. தொண்ணூற்றேழாவது வரியின் முன்னால் மட்டும் தேதிக்குப் பதில் $INDRU என்று விட்டிருக்கிறேன். அந்தக் கருவி வழியாக என்று திறந்தாலும் அன்றைய தேதி அங்கே வந்து நிற்கும். கண்டக்டரிடம் இதைச் சொன்னபோது, "அண்ணி, அது தப்பாச்சே. வேற யாராவது செஞ்சா நீங்க விடுவீங்களா?" என்றார். விடமாட்டேன்தான்.

அவருடைய வார ஓய்வு வியாழக்கிழமை. இப்போதெல்லாம் வியாழனன்று நாலு மணிக்கே கிளம்பிவிடுகிறேன். நேற்றும் கிளம்பினேன். தொம்மலூரில் ஏறி, ஓட்டுநருக்குப் பின்னால் இரண்டாவது இருக்கையில் உட்கார்ந்து, சிவாஜிநகரில் இறங்கி, வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். நேற்றைய தேதி போட்டு, இன்னிக்கு அவ சீக்கிரம் வந்துட்டா என்று இருந்தது.

நோட்டை எடுத்து எழுதினேன்: 'வியாழன். மழை இல்லை. மாலை 5.10, வீட்டுக்கு வந்தேன்.'